வாய்மடை முதல் கடைமடை வரை: நீர் செலுத்தி எடுக்கும் எண்ணெயைக் கையால் கணிப்பது எப்படி?

திருநெல்வேலிச் சீமையில் எண்ணெய்க் கிணறு கிடையாது. ஆனால் எண்ணெய் வயலில் வேலை பார்க்கிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது உண்டு. மும்பை, அஸ்ஸாம், குவைத், ஓமன் என்று போய்விட்டு, கோயில் கொடைக்கு லீவு போட்டு வருவார்கள். நானும் அதில் ஒருத்தன், சேரன்மகாதேவிக்காரன். போன மாதம் சொந்தக்காரப் பையன் ஒருவன் போன் செய்தான். பெட்ரோலியம் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். "அண்ணாச்சி, சாஃப்ட்வேர் பதினஞ்சு வருசத்து எண்ணெய் வரத்துக்குக் கோடு போட்டுத் தந்துட்டு. அதை நம்பலாமா?" என்று கேட்டான்.

நீ கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒரு கால்குலேட்டரும் வரைபடத்தாளும் போதும். ஒரு எண்ணெய் வயலை மாதிரியாக எடுத்துக்கொண்டு கடைசி வரை அதே எண்களோடு போவோம்.

முதலில், தண்ணீர் எதற்கு?

எண்ணெய் நிலத்தடியில் குளம் போலக் கிடப்பதில்லை. மணற்பாறை அல்லது சுண்ணாம்புப் பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் இருக்கிறது. கிணறு தோண்டியதும் இயற்கையான அழுத்தத்தில் கொஞ்சம் தானாக வரும். அழுத்தம் இறங்க இறங்க வரத்து குறையும். அப்போது ஒரு பக்கக் கிணறுகள் வழியாகத் தண்ணீரை உள்ளே தள்ளி, மறு பக்கக் கிணறுகளுக்கு எண்ணெயை நகர்த்துகிறோம். தொழிலில் இதற்கு வாட்டர்ஃப்ளட் என்று பெயர்.

இதை யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பழைய கிணறுகளின் ஓட்டை வழியாக மேல் நிலத் தண்ணீர் எண்ணெய்ப் பாறைக்குள் இறங்கியது. பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கூடியது. ஜான் கார்ல் என்ற நிலவியலாளர் 1880-லேயே இதைக் குறித்து எழுதினார். பிராட்ஃபோர்டு வயலில் பல வருஷம் சட்டத்துக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்ததை 1921-ல் அந்த மாநிலம் சட்டப்படி அனுமதித்தது. நம் நாட்டில், 1974-ல் கண்டுபிடித்த, கடலுக்கடியில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் 1984-லிருந்து கடல் நீரைச் செலுத்துகிறார்கள்.

படி 1: மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

கணக்கின் எலும்புக்கூடு ஒரே வரிதான்:

எண்ணெய் வரவு = இருப்பு × கழுவல் திறன் × தளப் பரவல் × அடுக்குப் பரவல்

இருப்பு என்றால், பாறைக்குள் தொடக்கத்தில் இருக்கும் எண்ணெய். கழுவல் திறன் என்றால், தண்ணீர் போய்ச் சேர்ந்த இடத்தில் எவ்வளவு எண்ணெய் வெளியேறியது என்பது. தளப் பரவல், மேலிருந்து பார்த்தால் பரப்பில் எவ்வளவுக்குத் தண்ணீர் போனது என்பது. அடுக்குப் பரவல், பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் எத்தனை அடுக்குக்குள் போனது என்பது. பின்னிரண்டையும் சேர்த்துத்தான் ஸ்வீப் எஃபிஷியன்சி என்கிறோம். நான் பரவல் திறன் என்று எழுதுகிறேன்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் உள்ளவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மடையைத் திறந்தால் தண்ணீர் வயல் முழுவதும் ஒரே மட்டமாகப் போகிறதா? பள்ளத்தில் முதலில் ஓடும். நடுவில் ஒரு மேட்டுத் திட்டு காய்ந்தே கிடக்கும். பெரியப்பாவோடு ஒருநாள் பிசான நெல்லுக்குத் தண்ணீர் கட்டப் போனேன். ஒரு மணி நேரமாகப் பாய்ந்தும் வயல் பாதிகூட நனையவில்லை. அவர் வரப்போரமாகக் குனிந்து நடந்து போய் ஓரிடத்தில் நின்றார். "ஏல, இங்க பாரு." கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு நண்டு வளை. எங்கள் தண்ணீரில் பாதி அது வழியாகப் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வைக்கோலும் களியும் பிசைந்து குதிகாலால் மிதித்து அடைத்தார்.

வாட்டர்ஃப்ளட் கணிப்பில் தப்புப் போகிற இடம் பெரும்பாலும் இந்த நண்டு வளைதான். தண்ணீர் பட்ட இடத்தில் எவ்வளவு கழுவும் என்பதை ஆய்வகம் ஓரளவு சரியாகவே சொல்லிவிடும். தண்ணீர் படாமல் போகிற இடத்தை ஆய்வகத்தால் சொல்ல முடியாது.

படி 2: இருப்பை எழுதுங்கள்

மாதிரி வயல் இது. 16 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 40 ஏக்கர். நடுவில் ஒரு கிணறு, நான்கு மூலையில் நான்கு கிணறு என்ற ஃபைவ் ஸ்பாட் அமைப்பு. பாறையின் கனம் 10 மீட்டர், நுண்துளை 20 சதவீதம். அதாவது துளைக் கொள்ளளவு 1,60,000 × 10 × 0.20 = 3,20,000 கன மீட்டர்.

துளைக்குள் தொடக்கத்தில் 20 சதவீதம் தண்ணீர், 80 சதவீதம் எண்ணெய். கீழே 1.2 கன மீட்டராக இருக்கும் எண்ணெய், வாயு பிரிந்து மேலே வந்ததும் 1 கன மீட்டராகச் சுருங்கும். ஆக இருப்பு 3,20,000 × 0.80 ÷ 1.2 = 2,13,000 கன மீட்டர், சுமார் 13.4 லட்சம் பீப்பாய்.

படி 3: கழுவல் திறன்

இங்கே பக்லி, லெவரெட் இருவரும் 1942-ல் கொடுத்த முறையும், வெல்ஜ் 1952-ல் அதை எளிதாக்கிய தொடுகோட்டு வழியும் கைகொடுக்கும். முதலில் ஆய்வகத்திலிருந்து சார்பு ஊடுருவுதிறன் அட்டவணை வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் ஒரே துளையில் நெருக்கியடித்துப் போகும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு தாராளமாக ஓடும் என்று அது சொல்லும்.

நம் மாதிரிப் பாறையில் எவ்வளவு கழுவினாலும் 30 சதவீத எண்ணெய் துளையிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று வையுங்கள். நீர்ச் செறிவு என்றால் துளைக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும் பங்கு. நகரக்கூடிய இடைவெளி, நீர்ச் செறிவு 0.20-லிருந்து 0.70 வரை. இதை 0-விலிருந்து 1 வரை மாற்றி 'ச' என்று அழைப்போம்: ச = (நீர்ச் செறிவு − 0.20) ÷ 0.50. தண்ணீரின் சார்பு ஊடுருவுதிறன் 0.3 × ச², எண்ணெயின் சார்பு ஊடுருவுதிறன் (1 − ச)². பிசுக்குமை, அதாவது திரவத்தின் தடிப்பு, எண்ணெய்க்கு 4 சென்டிபாய்ஸ், தண்ணீருக்கு 0.5.

இனி ஓடுகிற மொத்தத்தில் தண்ணீரின் பங்கு:

நீர்ப் பங்கு = 1 ÷ [1 + (எண்ணெயின் சார்பு ஊடுருவுதிறன் ÷ தண்ணீரின் சார்பு ஊடுருவுதிறன்) × (தண்ணீரின் பிசுக்குமை ÷ எண்ணெயின் பிசுக்குமை)]

எண்களைப் போட்டால் இப்படி வரும்:

நீர்ச் செறிவு 0.30 – நீர்ப் பங்கு 0.13
நீர்ச் செறிவு 0.40 – நீர்ப் பங்கு 0.52
நீர்ச் செறிவு 0.50 – நீர்ப் பங்கு 0.84
நீர்ச் செறிவு 0.60 – நீர்ப் பங்கு 0.97

இதை வரைபடத்தாளில் போடுங்கள். வளைவு படுத்துக் கிடந்து, சட்டென எழுந்து, மறுபடி படுக்கும். கிடை அச்சில் 0.20 என்ற புள்ளியிலிருந்து ஸ்கேலை வைத்து வளைவைத் தொடுகிற மாதிரி ஒரு கோடு இழுங்கள். தொடும் புள்ளி நீர்ச் செறிவு 0.47, நீர்ப் பங்கு 0.77. தண்ணீரின் முன்முகத்தில் இருக்கும் செறிவு இதுதான். அதே கோட்டை மேலே நீட்டினால் நீர்ப் பங்கு 1-ஐ வெட்டும் இடம் 0.55. முன்முகத்துக்குப் பின்னால் உள்ள சராசரிச் செறிவு அது. ஸ்கேலையும் பென்சிலையும் வைத்து இவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

தண்ணீர் உற்பத்திக் கிணற்றை எட்டும் நேரத்தில் கழுவல் திறன் (0.55 − 0.20) ÷ 0.80 = 44 சதவீதம். அதுவரை செலுத்திய தண்ணீர், துளைக் கொள்ளளவில் 0.35 பங்கு. தண்ணீர் வந்த உடனே யாரும் கிணற்றை மூடுவதில்லை. நீர்ப் பங்கு 95 சதவீதம் ஆகும் வரை ஓட்டுகிறோம் என்றால், அந்த இடத்தில் மறுபடி ஒரு தொடுகோடு. சராசரிச் செறிவு 0.62-க்கு உயரும், கழுவல் திறன் 52 சதவீதம். அதற்குள் முழுத் துளைக் கொள்ளளவு அளவுக்குத் தண்ணீர் போயிருக்கும். கவனித்தீர்களா? தண்ணீரைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கினால் கழுவல் எட்டே சதவீதம்தான் கூடுகிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. மேலே சொன்னது பாறைக்குள் உள்ள நீர்ப் பங்கு. மேலே வந்ததும் எண்ணெய் சுருங்குவதால், 95 என்பது தொட்டியில் 96-க்குப் பக்கமாகத் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒருநாள் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் உண்டு.

அட்டவணையை வாங்கியதும் பாறை தண்ணீரை விரும்புவதா, எண்ணெயை விரும்புவதா என்றும் பாருங்கள். எண்ணெயை எல்லாம் கழுவிய நிலையில் தண்ணீரின் சார்பு ஊடுருவுதிறன் 0.3-க்குக் கீழே, இரண்டு வளைவும் வெட்டும் செறிவு 0.5-க்கு மேலே என்றால் பெரும்பாலும் தண்ணீரை விரும்பும் பாறை. எண்ணெயை விரும்பும் பாறையில் தண்ணீர் சீக்கிரம் எட்டிவிடும், அதன் பிறகு எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வரும் காலமும் நீளும். நம் மாதிரிப் பாறை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

படி 4: ஓட்ட விகிதம்

தண்ணீர் எவ்வளவு எளிதாக ஓடுகிறது, எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடுகிறது, இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் மொபிலிட்டி விகிதம். ஒன்றுக்குக் கீழே இருந்தால் நல்லது, முன்முகம் ஒழுங்காக நகரும். ஒன்றுக்கு மேலே போகப் போகத் தண்ணீர் விரல் விரலாக எண்ணெயைத் துளைத்துக்கொண்டு ஓடும்.

இதை நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு ஓரத்தை எம்சீலால் அடைத்து, உள்ளே மணல் நிரப்புங்கள். ஒரு பாதிக்கு ஆற்று மணலின் பருமணல், மறு பாதிக்கு உவரிப் பக்கத்துத் தேரியின் பொடிமணல். முதலில் தண்ணீரால் நனைத்து, பிறகு எண்ணெயை ஏற்றினால்தான் பாறையில் நடந்ததுபோல இருக்கும். படுக்க வைத்து, ஒரு ஓரத்தில் சிரிஞ்சால் நீலச்சாயத் தண்ணீரை மெதுவாகச் செலுத்துங்கள். நல்லெண்ணெய் என்றால் நீலம் பருமணல் வழியே நாக்கு நீட்டிக்கொண்டு மறு முனைக்கு ஓடிவிடும், தேரி மண் பக்கம் நீலம் ஏறாமலே கிடக்கும். மண்ணெண்ணெயை வைத்துச் செய்தால் பருமணலில் முந்தினாலும் முகம் அவ்வளவு கிழியாது. நல்லெண்ணெய் தண்ணீரைவிடப் பல பத்து மடங்கு பிசுக்கு, மண்ணெண்ணெய் இரண்டு மூன்று மடங்குக்குள்தான். ராஜஸ்தானின் மங்களா வயலில் தண்ணீரோடு பாலிமர் கலந்து செலுத்துவது இதற்காகத்தான். எண்ணெயை இளக்க முடியாவிட்டால் தண்ணீரைத் தடிப்பாக்கு என்ற கணக்கு.

நம் மாதிரிக்குப் போடுவோம். எண்ணெய் முழுக்கக் கழுவப்பட்ட நிலையில் தண்ணீர்: 0.3 ÷ 0.5 = 0.6. எண்ணெய்: 1 ÷ 4 = 0.25. விகிதம் 2.4. ஆனால் தண்ணீர் எட்டும் நேரத்துச் சராசரிச் செறிவில் தண்ணீரின் சார்பு ஊடுருவுதிறன் 0.3 இல்லை, 0.148-தான். அதை வைத்தால் விகிதம் 1.19.

எது சரி? இரண்டும் சரி, இடம்தான் வேறு. தளப் பரவல் வரைபடங்களுக்குள் போகும்போது சராசரிச் செறிவு விகிதமான 1.19-ஐ எடுக்க வேண்டும். எண்ணெயை மொத்தமாகத் துடைத்துக்கொண்டு தண்ணீர் நகர்வதாக அனுமானிக்கும் அடுக்குக் கணக்குக்கு 2.4. ஒரு அறிக்கையில் 'மொபிலிட்டி விகிதம் இவ்வளவு' என்று மொட்டையாக எழுதியிருந்தால், எந்தச் செறிவில் என்று கேட்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

படி 5: தளப் பரவல்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம், ஏனென்றால் ஃபைவ் ஸ்பாட்டுக்கு 1950-களிலேயே ஆய்வகத்தில் அளந்து வைத்துவிட்டார்கள். விகிதம் 1.19 என்றால் தண்ணீர் எட்டும் நேரத்தில் பரப்பில் 66 சதவீதம் நனைந்திருக்கும். அதன் பிறகு:

தளப் பரவல் = 0.66 + 0.633 × பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை (இதுவரை செலுத்திய நீர் ÷ எட்டும்போது செலுத்தியிருந்த நீர்)

இரண்டு மடங்கு செலுத்தினால் 85 சதவீதம், 2.4 மடங்குக்கு 90. மூன்றரை மடங்கில் காகிதத்தில் நூறு வந்துவிடும். வயலில் நான் 90-க்கு மேல் எழுதுவதில்லை. மெதுவான அடுக்குகளுக்கு அவ்வளவு தண்ணீர் போய்ச் சேர்வதே இல்லை, கிணறுகளும் சதுரத்தின் மூலையில் சரியாக உட்கார்ந்திருப்பதில்லை.

படி 6: அடுக்குப் பரவல் — இங்கேதான் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்

நம் 10 மீட்டர் பாறையை இரண்டு இரண்டு மீட்டராக ஐந்து அடுக்காகப் பிரிக்கிறோம். கோர், அதாவது கிணற்றிலிருந்து வெட்டி எடுத்த பாறைத் துண்டின் அளவீட்டின்படி ஊடுருவுதிறன் (பாறை திரவத்தை எவ்வளவு எளிதாக ஓட விடும் என்பது) 240, 160, 100, 60, 40 மில்லிடார்சி. தாறுமாறாக இருக்கும் அடுக்குகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துவதுதான் முதல் வேலை.

எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று ஒரே எண்ணில் சொல்ல டைக்ஸ்ட்ரா, பார்சன்ஸ் இருவரும் 1950-ல் ஒரு குணகம் கொடுத்தார்கள். நிகழ்தகவுத் தாளில் ஊடுருவுதிறன்களைப் போட்டு, நடு மதிப்பிலிருந்து பெரியதிலிருந்து எண்ணி வரும் 84.1 சதவீத இடத்து மதிப்பைக் கழித்து, நடு மதிப்பால் வகுக்க வேண்டும். எல்லா அடுக்கும் ஒன்றுபோல என்றால் பூஜ்யம், தலைகீழ் வித்தியாசம் என்றால் 1-ஐ நெருங்கும். நம் மாதிரிக்கு 0.6 சொச்சம். நிஜ வயல்களில் 0.5-லிருந்து 0.8 வரை சர்வ சாதாரணம்.

இனி ஸ்டைல்ஸ் 1949-ல் சொன்ன வழி. ஒவ்வொரு அடுக்கிலும் முன்முகம் அதன் ஊடுருவுதிறனுக்கு ஏற்ற வேகத்தில் நகர்கிறது, அடுக்குக்கு அடுக்கு தண்ணீர் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொள்கிறோம். முதல் அடுக்கு மறு முனையைத் தொடும்போது இரண்டாவது 160 ÷ 240, அதாவது மூன்றில் இரண்டு பங்கு தூரம்தான் வந்திருக்கும். கடைசி அடுக்கு ஆறில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் நனைந்த பங்கு கிடைத்துவிடும்:

240 அடுக்கு எட்டும்போது: நனைந்தது 50%, நீர்ப் பங்கு 62%
160 அடுக்கு எட்டும்போது: நனைந்தது 65%, நீர்ப் பங்கு 83%
100 அடுக்கு எட்டும்போது: நனைந்தது 80%, நீர்ப் பங்கு 92%
60 அடுக்கு எட்டும்போது: நனைந்தது 93%, நீர்ப் பங்கு 97%

நீர்ப் பங்கு எப்படி வந்தது? மொத்த ஊடுருவுதிறன் 600. முதல் அடுக்கு நனைந்ததும் தண்ணீர்ப் பக்கம் 240, எண்ணெய்ப் பக்கம் 360. தண்ணீர் 2.4 மடங்கு எளிதாக ஓடுவதால் 240 × 2.4 = 576. ஆக 576 ÷ (576 + 360) = 62 சதவீதம். மற்ற வரிகளும் இப்படியே.

ஸ்டைல்ஸ் முன்முக வேகத்தில் ஓட்ட விகிதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. டைக்ஸ்ட்ரா-பார்சன்ஸ் முறை எடுக்கும். தண்ணீர் நிரம்பிய அடுக்கு இன்னும் எளிதாக இழுக்கும், பின்தங்கிய அடுக்கு இன்னும் பின்தங்கும். 2.4 என்ற விகிதத்தோடு போட்டுப் பார்த்தால் முதல் அடுக்கு எட்டும்போது நனைந்தது 50 இல்லை, 44 சதவீதம்தான். வசதியான அடுக்குக்கே மேலும் மேலும் தண்ணீர் போகும். கடைமடைக்காரர்களுக்கு இது புதிய சேதியா என்ன?

மும்பை ஹை போலச் சுண்ணாம்புப் பாறை மெல்லிய களிப்பாறைகளால் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கும் வயல்களுக்கு இந்த அனுமானம் பொருந்தி வரும். களிப்பாறைத் தடுப்பு இல்லாத தடித்த மணற்பாறையில் தண்ணீர் கனத்தால் அடியில் இறங்கி ஓடும். அங்கே இந்த அட்டவணையை அப்படியே நம்ப முடியாது. அடியில் ஊடுருவுதிறன் அதிகம் என்றால் நிலைமை இன்னும் மோசம், மேலே அதிகம் என்றால் ஓரளவு ஈடுகட்டிவிடும்.

படி 7: பெருக்குங்கள், அப்புறம் கொஞ்சம் குறையுங்கள்

95 சதவீத நீர்ப் பங்குக்கு அடுக்குப் பரவல் மேலே உள்ள அட்டவணையின்படி சுமார் 0.87. பெருக்கினால் 0.52 × 0.90 × 0.87 = 0.41. வரவு 87,000 கன மீட்டர், ஐந்தரை லட்சம் பீப்பாய்க்குக் கொஞ்சம் கீழே.

இதை மேலிடத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். கோர் துண்டு ஒன்றரை அங்குல விட்டம். கிணற்றுக்குக் கிணறு 283 மீட்டர். நடுவில் என்ன இருக்கிறது என்று அந்தத் துண்டு சொல்லாது. நான் அடுக்குப் பரவலை 0.75 என்று வைத்தும் ஒரு கணக்குப் போடுவேன். வரவு 75,000 கன மீட்டராக இறங்கும். இரண்டுக்கும் இடையே 75,000 பீப்பாய் வித்தியாசம். கழுவல் திறனை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த வித்தியாசம் மறையாது.

படி 8: நாட்கணக்கு

ஒரு நாளைக்கு 100 கன மீட்டர் செலுத்துகிறோம். இந்தப் பாறையில் அதற்குக் கிணற்றடியில் செலுத்தும் கிணற்றுக்கும் உற்பத்திக் கிணற்றுக்கும் நடுவே சுமார் 1,400 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்த வித்தியாசம் வேண்டும். பாறை வெடிக்கும் அழுத்தத்துக்குக் கீழேதான் இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பே எண்ணெய் எடுத்து அழுத்தம் இறங்கிய வயல் என்றால் துளைகளில் கொஞ்சம் வாயு இருக்கும். 5 சதவீதம் இருந்தாலும் அதை நிரப்ப மட்டும் 16,000 கன மீட்டர், 160 நாள். அந்த ஐந்து மாதத்தில் உற்பத்திக் கிணற்றில் பெரிதாக ஒன்றும் நடக்காது. 'தண்ணீர் எங்கேய்யா போகுது?' என்று கேள்வி வரும். பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள்.

வாயு இல்லை என்று வைத்துத் தொடர்வோம். பாறை முழுக்க ஒரே மாதிரி என்றால் தண்ணீர் எட்டுவதற்கு முன் 3,20,000 × 0.35 × 0.66 = ஏறக்குறைய 74,000 கன மீட்டர், 740 நாள். அடுக்கோடு போட்டால் கதை வேறு. 240 அடுக்கு மொத்தத்தில் 40 சதவீதத் தண்ணீரை இழுக்கும், நாளைக்கு 40 கன மீட்டர். அதன் பங்குக்கு வேண்டியது 74,000-ல் ஐந்தில் ஒன்று, 14,800. ஆக 370 நாள். இரண்டு வருஷம் என்று சொன்னது ஒரே வருஷத்தில் வந்து நிற்கும். என் முதல் வேலையில், எந்த வயல் என்பது வேண்டாம், நான் அடுக்கைப் பிரிக்காமல் போட்ட கணிப்பு இப்படித்தான் பாதி நாளில் பொய்த்தது. மீட்டிங்கில் எல்லாரும் என் ஸ்லைடைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள்.

படி 9: வயல் சொல்வதைக் கேட்டுத் திருத்துங்கள்

செலுத்தத் தொடங்கியதும் மூன்று வரைபடங்களை மாதாமாதம் போடுங்கள். ஒன்று, வெளியே எடுத்த மொத்தக் கொள்ளளவுக்கு எவ்வளவு உள்ளே போட்டோம் என்ற விகிதம். எல்லாம் பாறை நிலைக் கணக்கில். இரண்டு, ஹால் வரைபடம்: அழுத்தத்தையும் நாட்களையும் பெருக்கிக் கூட்டியதைச் செங்குத்து அச்சிலும், செலுத்திய மொத்தத் தண்ணீரைக் கிடை அச்சிலும் போடுவது. கோடு நிமிர்ந்தால் கிணறு அடைக்கிறது, சாய்ந்தால் பாறை எங்கோ வெடித்திருக்கிறது. மூன்று, தண்ணீர்-எண்ணெய் விகிதத்தை மடக்கை அச்சில் வைத்து, மொத்த எண்ணெய் வரவுக்கு எதிராக. பிற்காலத்தில் இது பெரும்பாலும் நேர்கோடாகும். அதை நீட்டினால் கடைசி வரவு தெரியும். பத்து வருஷ வயலுக்கு நான் சிமுலேட்டருக்கு முன் இந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன்.

முதல் தண்ணீர் எட்டும் நாள்தான் மிகப் பெரிய துப்பு. நம் மாதிரியில் 370-ஆவது நாள் வர வேண்டியது 220-ஆவது நாளே வந்துவிட்டது என்று வையுங்கள். முதல் அடுக்கு 14,800 கன மீட்டரை 220 நாளில் இழுத்திருக்கிறது, நாளைக்கு 67 கன மீட்டர். மொத்தத்தில் 67 சதவீதம். மற்ற நான்கு அடுக்கும் சேர்ந்து 360 மில்லிடார்சி என்றால், இந்த அடுக்கு 240 இல்லை, 740-க்குப் பக்கம். கோர் எடுத்த இடத்தில் இல்லாத ஒரு விரிசலோ மெல்லிய பருமணல் பட்டையோ நடுவில் ஓடுகிறது. நண்டு வளை.

புதிய எண்ணைப் போட்டால் முதல் அடுக்கு எட்டும்போது நனைந்த பங்கு 50-லிருந்து 30 சதவீதமாக விழுகிறது. உடனே செலுத்தும் கிணற்றில் எந்த ஆழத்தில் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று ஓட்ட அளவி இறக்கிப் பாருங்கள். அது அந்த இரண்டு மீட்டரையே காட்டினால், சிமெண்டோ ஜெல்லோ வைத்து அந்த அடுக்கை அடைக்கலாம். அடைத்த பிறகு மீதி நான்கு அடுக்குக்கு, 160-ஐ முதலாக வைத்து அட்டவணையை மறுபடி போடுங்கள்: (1 + 0.625 + 0.375 + 0.25) ÷ 4, அதாவது அடுத்த தண்ணீர் எட்டும்போது அந்த நான்கில் 56 சதவீதம் நனைந்திருக்கும்.

பையனிடம் போனில் இதுவரைக்கும் சொல்லி முடித்தபோது, அவன் சாஃப்ட்வேர் கோட்டில் தண்ணீர் எட்டும் நாள் எது என்று தேடிக்கொண்டிருந்தான்.